சிஸ்டர் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு

முதலில் ஒரு வாக்குமூலம். அவசரம் என்று வந்தால் என் உடம்பில் முதலில் கலங்குவது வயிறு. அடுத்து கை நடுங்கும். மூளை மூன்றாவதாகத்தான் வரும், அதுவும் ஷிப்டுக்குத் தாமதமாக வந்தவன் கேட் ஓரமாக நழுவி உள்ளே வருவதைப் போல. இந்த லட்சணத்தோடு ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் மருத்துவ அறையில் பதினாறு வருடம் டாக்டராக இருந்துவிட்டு, ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கியிருக்கிறேன். விருப்பம் யாருடையது என்று கேட்காதீர்கள். என் மனைவியும் என் ரத்தக்கொதிப்பும் கலந்து பேசி எடுத்த முடிவு அது.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு மருந்தின் பெயரையும் அளவையும் நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. பயந்துபோய் நிற்கும்போது எதைக் கேட்பது, யார் சொல்வதைக் கேட்பது, இந்த இரண்டும்தான் அதில் இல்லை. எனக்கு அவற்றைக் காட்டியவர் எங்கள் மருத்துவ அறை சிஸ்டர். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். சேரப்பணஞ்சேரியிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "போட்டீங்கன்னா அவ்ளோதான் டாக்டர். ஊரே பிரஷர் பாக்க என் வூட்டாண்ட வந்து நிக்கும்." ஆகவே சிஸ்டர் என்றே வைத்துக்கொள்வோம்.

எங்கள் மருத்துவ அறையில் ஒரு பதிவேடு உண்டு. வருகிறவரின் பெயர், லைன், என்ன தொந்தரவு, என்ன மருந்து என்று நான்கு கட்டங்கள் அச்சடித்தே வரும். சிஸ்டர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், ஸ்கேலும் சிவப்புப் பேனாவும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கத்திலும் ஓரமாக இன்னொரு கோடு போட்டார். ஐந்தாவதாக ஒரு கட்டம் பிறந்தது. மேலே தன் குண்டு எழுத்தில் எழுதினார்: 'கடைசியாக ஒன்றுக்குப் போனது.'

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "என்ன சிஸ்டர், தலைவலின்னு வர்றவன்கிட்டயும் இதைத்தான் கேக்கணுமா?"

"கேட்டா இன்னா டாக்டர் கொறஞ்சிடும்?"

"விரல்ல வெட்டுக்காயம்னு வந்தா?"

"கட்டு போட்டுகினே கேக்கலாம்."

பிறகு காரணம் சொன்னார். அவருடைய கணவரும் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் லைனில்தான் நிற்கிறார். காலையில் இவர் தண்ணீர் ரொப்பிக் கொடுக்கும் பாட்டில் சாயங்காலம் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வரும். எங்கள் தொழிற்சாலையிலும் கதை அதேதான். லைனில் முப்பது பேருக்கு இரண்டு மஞ்சள் கார்டு. கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால்தான் கழிவறைக்குப் போகலாம். இரண்டு கார்டும் வெளியே போயிருந்தால் மற்ற இருபத்தெட்டு பேரும் காத்திருக்க வேண்டும். ஒருவர் நகர்ந்தால் பக்கத்தில் இருப்பவர் இரண்டு பேர் வேலையைச் செய்யவேண்டும், சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். இதற்கு லைனில் இருந்தவர்களே கண்டுபிடித்த வழி, தண்ணீரே குடிக்காமல் இருப்பது. குடித்தால்தானே வரும்?

"இது யாரும் வந்து உங்களாண்ட சொல்லமாட்டாங்க டாக்டர். நாமதான் கேக்கணும்" என்றார்.

சரி சரி என்றேன். பதிவேட்டில் அவர் எழுதும் நாட்களில் ஐந்தாவது கட்டம் நிரம்பியிருக்கும். நான் எழுதும் நாட்களில் வெறுமையாக இருக்கும். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. பக்கத்தைப் புரட்டும்போது மட்டும் ஒரு நொடி கூடுதலாக அங்கே நிற்பார்.

இன்னொன்றுக்கும் நான் அவரைக் கிண்டல் செய்வது உண்டு. ஆசிட் வைத்துக் கழுவும் பகுதி எங்களிடம் இருந்ததால், அந்த ஆசிட் மேலே பட்டால் போடுவதற்குக் கால்சியம் ஊசிமருந்து வைத்திருக்கவேண்டும் என்று பாதுகாப்புத் தணிக்கையில் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு பெட்டி வந்தது. யாரும் தொடவில்லை. சிஸ்டர் மட்டும் மாதாமாதம் அதை எடுத்துத் துடைத்து, காலாவதித் தேதி பார்த்து, பழையதைத் திருப்பி அனுப்பிப் புதியது வாங்கி வைப்பார். "அதுக்குப் பொட்டு வச்சுப் பூஜை பண்ணுங்க சிஸ்டர்" என்பேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அது ஒரு மே மாதம், செவ்வாய்க்கிழமை. மகளின் பள்ளி விஷயமாக சிஸ்டர் லீவு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏழுமலை வந்தார். பிள்ளைப்பாக்கத்துக்காரர், முப்பத்து நான்கு வயது, ஹீட் ட்ரீட்மென்ட் லைனில் ஆபரேட்டர். உலையிலிருந்து வரும் பாகங்களை எடுத்து அடுக்கும் இடம் அது. அங்கே நின்றால் மே மாதத்தில் வெயிலே தேவலாம் என்று தோன்றும். முந்தைய நாள் ஓவர்டைம் என்று பதினாறு மணி நேரம் நின்றிருக்கிறார்.

"உடம்பெல்லாம் அடிச்சுப் போட்டா மாதிரி கீது சார். தொடை ரெண்டும் கல்லு மாதிரி இறுகிப் போச்சு."

நான் தொட்டுப் பார்த்தேன். ஓவர்டைம் உடம்புவலி என்று முடிவு செய்தேன். வலி ஊசி ஒன்று போட்டு, வலி மாத்திரை மூன்று நாளைக்குக் கொடுத்து, அக்கறையான டாக்டர் என்ற பெருமையோடு ஒரு வாக்கியமும் சேர்த்தேன்.

"நல்லா இளநீர் குடி ஏழுமலை. காலைல ரெண்டு, சாயங்காலம் ரெண்டு."

பதிவேட்டில் எழுதினேன். பெயர், லைன், தொந்தரவு, மருந்து. மருந்துக் கட்டத்தில் 'இளநீர்' என்றுகூட எழுதினேன். ஐந்தாவது கட்டத்தை விட்டுவிட்டேன்.

புதன்கிழமை அவர் வரவில்லை. வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஸ்ட்ரெச்சரில் வந்தார். தூக்கி வந்தவர்களில் முன்னால் நின்றவர் ஜான்சன், அதே லைன், ஏழுமலையின் கூட்டாளி.

"சார், நின்னுகினே இருந்தான் சார், அப்படியே துணி மாதிரி வுழுந்துட்டான். காலு வரலையாம். மச்சான், சார் கேக்கறாருடா, சொல்லு."

"காலு ரெண்டும் என்னுதே இல்ல சார்" என்றார் ஏழுமலை. பேச்சு தெளிவாக இருந்தது, முகம் கோணவில்லை. காலைத் தூக்கச் சொன்னேன். தூக்க முடியவில்லை. முழங்காலில் சுத்தியலால் தட்டினேன். கால் அசையவே இல்லை. கையைப் பிடிக்கச் சொன்னால் பிடியும் தளர்ந்திருந்தது.

என் வயிறு கலங்கியது, கை நடுங்கியது, மூளை வந்து சேர்ந்தது. வந்ததும் என்ன செய்தது தெரியுமா? சந்தோஷப்பட்டது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன். காலில் ஆரம்பித்து மேலே மேலே ஏறும் வாதம், தட்டினால் அசையாத முழங்கால். கல்லூரியில் படித்து, பரீட்சையில் எழுதி, நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு நரம்பு வியாதி என் அறைக்கே வந்திருக்கிறது! மூச்சுத் தசை வரை ஏறினால் ஆள் போய்விடுவார். அப்படியென்றால் உடனே சென்னை, பெரிய நியூரோ மருத்துவமனை. கைப்பேசியை எடுத்தேன். தெரிந்த நரம்பியல் டாக்டரிடம் மூச்சு வாங்க விவரித்தேன். அவர் அனுப்பு என்றார். ஆம்புலன்ஸ் டிரைவரைக் கூப்பிட்டேன். ஸ்டெதஸ்கோப்பைத் தேடினேன். அது என் கழுத்தில் இருந்தது.

இதற்கிடையில், லீவு முடிந்து வந்திருந்த சிஸ்டர் இரண்டு காரியம் செய்துகொண்டிருந்தார். ஒரு கையால் ஏழுமலையின் நாடியைப் பிடித்திருந்தார். இன்னொரு கையால் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். செவ்வாய்க்கிழமையில் நின்றார். அந்த ஒரு நொடிக்கு மேல் இன்னொரு நொடியும் நின்றார்.

"ஏழுமலை, இங்க பாரு. ஒன்னுக்கு எப்போ போன?"

"சிஸ்டர்!" என்று கத்திவிட்டேன். "கால் வரலைங்கறான், நீங்க..."

"இருங்க டாக்டர்." எங்களுக்குள் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "சொல்லுப்பா, எப்போ?"

ஏழுமலை யோசித்தார். "நேத்து காத்தால கொஞ்சூண்டு. கூல்டிரிங்க்ஸ் கலர்ல வந்துச்சு. அப்புறம் வர்ல."

"நேத்திலருந்தா? தண்ணி குடிக்கலயா?"

ஜான்சன் முந்திக்கொண்டார். "தண்ணியா? இளநீயா ஊத்தினோம் சிஸ்டர்! சார் சொன்னாருன்னு நேத்து சாயந்திரம் மட்டும் நான் ஆறு வாங்கிக் குடுத்தேன். இன்னிக்குக் காத்தாலகூட ரெண்டு."

சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. நாடியிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார். "டாக்டர், நாடி நாப்பதுகூட இல்ல. வண்டி ஏத்தறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஈசிஜி எடுத்துடலாம்."

காலுக்கு ஈசிஜியா என்று கேட்க வாய் திறந்தேன். அவர் அதற்குள் வயர்களை ஒட்டிவிட்டார். காகிதம் வர ஆரம்பித்தது. அதைப் பார்த்ததும் என் வாய் திறந்தபடியே நின்றது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் ஊசிமுனைக் கூம்பு. எங்கள் வாசலில் லாரிகளை ஒதுக்க வரிசையாக வைப்பார்களே ஆரஞ்சுக் கூம்புகள், அதேபோல. கூம்புகளுக்கு நடுவே இருந்த கோடுகள் அகன்று உருக்குலைந்து போயிருந்தன.

அந்தக் காகிதம் சொன்ன கதை இதுதான். வெப்பத்தில் தண்ணீர் இல்லாமல் பதினாறு மணி நேரம் நின்றதில் ஏழுமலையின் தசைகள் உடைந்து ரத்தத்தில் கரைந்திருக்கின்றன. தொடை கல்லாக இறுகியதும் சிறுநீர் நிறம் மாறியதும் அதனால்தான். ஏற்கெனவே வறண்டிருந்த சிறுநீரகம் அந்தக் கழிவில் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதன் தலையில் நான் வலி ஊசி போட்டிருக்கிறேன், அது சிறுநீரகத்தை இன்னும் அழுத்தியிருக்கிறது. சிறுநீர் நின்றுபோனால் பொட்டாசியம் வெளியேற வழியில்லை. இளநீரில் இருப்பதோ பொட்டாசியம். நல்ல சிறுநீரகத்துக்கு அது அமிர்தம். நின்றுபோன சிறுநீரகத்துக்கு, டாக்டர் சீட்டோடு காலையில் இரண்டு சாயங்காலம் இரண்டு என்று ஏற்றிய விஷம். அளவு மீறிய பொட்டாசியம் காலைக் கட்டிப்போட்டு, இப்போது இதயத்தையும் கட்டப்போகிறது.

நான் கண்டுபிடித்த அரிய நரம்பு வியாதிக்கு மூலகர்த்தா நானேதான்.

அவரை அப்படியே சென்னைக்கு ஏற்றியிருந்தால் ஒன்றரை மணி நேரம். பாதி வழிகூடத் தாண்டியிருக்க மாட்டார்.

"கால்சியம்..." என்று ஆரம்பித்தேன். சிஸ்டர் ஏற்கெனவே உடைத்து, சிரிஞ்சில் ஏற்றி, கையில் வைத்திருந்தார். நான் பூஜை செய்யச் சொன்ன பெட்டி. காலாவதித் தேதியை ஒருமுறை என் கண்ணுக்கு நேராகக் காட்டினார், விதிப்படி. அதில் கிண்டல் ஒரு துளிகூட இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

ஊசியை என்னிடம் தந்தார். என் கை நடுங்குவதைப் பார்த்தார். "மெதுவா டாக்டர். நான் ஈசிஜி பாத்துகினே இருக்கேன். நீங்க ஏழுமலையோட கையை மட்டும் பாருங்க."

அவசரத்தில் இருக்கும் ஒருவருக்கு இதைவிட நல்ல கட்டளை எனக்குத் தெரியாது. உலகத்தையே பார்த்துப் பதறிக்கொண்டிருந்தவனிடம், நீ இந்த ஒரு ஜாண் இடத்தைப் பார்த்தால் போதும், மற்றதை நான் பார்க்கிறேன் என்கிறார். மருந்து மெல்ல மெல்ல இறங்கியது. கூம்புகள் கொஞ்சம் சாய்ந்தன. அகன்றிருந்த கோடு ஒடுங்கியது. நாடி ஐம்பதைத் தொட்டது.

"இது ரிப்பேர் இல்ல, கொஞ்ச நேரம் தாங்கும், அவ்ளோதான?" என்றார் சிஸ்டர்.

ஆமாம். கால்சியம் இதயத்தைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும். பொட்டாசியம் உள்ளேயேதான் இருக்கும். அதை வெளியே எடுக்க டயாலிசிஸ் வேண்டும்.

"அப்போ சென்னை எதுக்கு டாக்டர்? தண்டலம் பக்கத்துல டயாலிசிஸ் பண்ற ஆஸ்பத்திரி கீதே. அர மணி நேரம்."

நரம்பியல் டாக்டருக்கு மறுபடி போன் செய்து, வியாதியை ரத்து செய்தேன். தண்டலத்துக்குப் பேசினேன். ஏழுமலையின் முகத்தில் நெபுலைசர் மாஸ்க் ஏறியது, அதுவும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் அடக்கும். வண்டியில் ஏறும்போது சிஸ்டர் கால்சியம் பெட்டியை ஒரு கக்கத்திலும் பதிவேட்டை இன்னொரு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டார். பதிவேட்டைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. என்னை மாட்டிவிடத்தான் எடுத்து வருகிறார் என்று நினைத்தேன்.

ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கார் ஏற்றிய டிரெய்லர்கள் மலைப்பாம்பு மாதிரி நகர்ந்துகொண்டிருந்தன. பிள்ளைப்பாக்கம் பிரிவில் ஏழுமலையின் மனைவி தேவி நின்றிருந்தார். ஜான்சன் போன் செய்திருக்கிறார். வண்டி நின்றது, பின்பக்கமாக ஏறினார். கையில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில், நிறைய இளநீர்.

"இன்னா சார் ஆச்சு இவருக்கு? நீங்க சொன்னா மாதிரிதான சார் குடுத்துகினே இருந்தேன்? இந்தாங்க, இப்போகூட மூணு வெட்டி ஊத்தியாந்தேன். கொஞ்சம் குடுக்கட்டா?"

மாஸ்க்குக்குள் ஏழுமலை வாயைத் திறக்க முயன்றார். சிஸ்டர் மெதுவாகக் கையை நீட்டி பாட்டிலை வாங்கிக்கொண்டார்.

"அவருக்கு இப்போ வேணாம்மா. டாக்டர்தான் காத்தாலருந்து ஒன்னும் சாப்பிடல, மூஞ்சைப் பாரு. டாக்டர், குடிங்க."

குடித்தேன். குடித்து முடிக்கும்வரை எனக்குப் பதில் சொல்லவேண்டிய அவசியம் இல்லாமல் போனது. அதற்காகத்தான் கொடுத்தார் என்பது பிறகுதான் உறைத்தது.

பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறியதும் மானிட்டரில் கூம்புகள் மறுபடி எழுந்தன. ஏழுமலையின் கண் மேலே செருகியது. தேவி அவர் காலைப் பிடித்துக்கொண்டு கத்தினார். நான் சிஸ்டரைப் பார்த்தேன். இரண்டாவது ஊசி தயாராக இருந்தது.

"கையை மட்டும் பாருங்க" என்றார்.

கையை மட்டும் பார்த்தேன்.

தண்டலத்தில் எங்களுக்காகக் காத்திருந்த சிறுநீரக டாக்டருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஈசிஜியைப் பார்த்தார், டயாலிசிஸ் அறைக்கு ஆளை அனுப்பினார், அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு முன்னாடி என்ன மருந்து போயிருக்கு சார்? வலி ஊசி ஏதாவது?"

அந்த இடத்தில் எனக்குள் ஒரு வக்கீல் எழுந்து நின்றார். 'வெளியில் எங்கேயோ போட்டிருக்கிறார்கள் போல' என்று ஒரு வாக்கியத்தை அச்சடித்து என் நாக்கில் வைத்தார். பக்கத்தில் தேவி. அந்தப் பக்கம் சிஸ்டர், கையில் பதிவேடு. அவர் அதைத் திறக்கவில்லை. நீட்டவும் இல்லை. நான் கேட்டால் தருவார் என்ற தூரத்தில் பிடித்திருந்தார், அவ்வளவுதான்.

நான் கையை நீட்டி வாங்கினேன். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தேன்.

"நான்தான் போட்டேன். மாத்திரையும் நான்தான். இளநீரும் நான்தான்."

அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நல்லவேளை சொன்னீங்க சார். மாத்திரை எத்தனை உள்ள போயிருக்குன்னு தெரியறது முக்கியம்." குறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இடி விழும் என்று தலையைக் குனிந்து நின்றவனுக்கு, அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள் என்பது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இடி தேவியிடமிருந்து வந்தது. அவர் கத்தவில்லை.

"ஒன்னுக்குப் போறியான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

"கேட்டிருக்கணும்மா. கேக்கலை. தப்பு என்னுது."

தேவி திரும்பிக்கொண்டார். சிஸ்டரின் தோளில் சாய்ந்துகொண்டார். வெளியே வந்தபிறகு சிஸ்டரிடம் கேட்டேன், பதிவேட்டை எதற்கு எடுத்து வந்தீர்கள் என்று.

"இன்னா மருந்து போச்சுன்னு அவங்களுக்குத் தெரியணும்ல? உங்களுக்குப் பதட்டத்துல மறந்துடும். ஸ்டெதஸ்கோப்பையே தேடினீங்க."

மாலை ஐந்து மணிக்கு ஏழுமலையின் கால் கட்டைவிரல் அசைந்தது. ஆறு மணிக்குப் பாதம். கால் வந்துவிட்டது. ஆனால் சிறுநீரகம் வரவில்லை. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் அந்த டாக்டர். வராவிட்டால் வாரம் மூன்று நாள் இயந்திரம், வாழ்நாள் முழுக்க. முப்பத்து நான்கு வயது.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரு மனிதனின் சிறுநீருக்காகக் காத்திருந்தோம். தினமும் காலை ஒன்பது மணிக்கு சிஸ்டர் தேவிக்குப் போன் செய்வார். "வந்துச்சாம்மா?" ஒரே கேள்வி. "வர்ல சிஸ்டர்." போனை வைத்துவிட்டு, அன்றைக்கு முதலில் வந்த ஆளிடம் பிரஷர் பார்த்துக்கொண்டே ஐந்தாவது கட்டத்தை நிரப்புவார். இப்போது நானும் நிரப்பினேன். தலைவலி, வெட்டுக்காயம், கண்ணில் தூசி, யாராக இருந்தாலும். கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது. காலை ஆறரைக்குப் போனது, இப்போது மணி மூன்று என்று எத்தனை பேர் சொன்னார்கள்! ஒருவர் மஞ்சள் கார்டைக் காட்டி, "இது இன்னா சார், விசாவா?" என்றார்.

பன்னிரண்டாம் நாள் மாதாந்தரப் பாதுகாப்புக் கூட்டம். பிளான்ட் ஹெட் முதல் சூப்பர்வைசர்கள் வரை இருபது பேர். நான் எழுந்து நின்று, மஞ்சள் கார்டை எடுத்துவிடவேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு ஒன்றும் பிரமாதமாக இல்லை. உற்பத்தி மேலாளர் நடுவில் குறுக்கிட்டார்.

"டாக்டர், கார்டு எல்லா கம்பெனிலயும் இருக்கு. தண்ணி டிரம் லைன் பக்கத்துலயே வச்சிருக்கோம். குடிக்காதது அவங்க தப்புதானே? ஒருத்தருக்கு ஆனதை வச்சு..."

என் கைப்பேசி அடித்தது. தேவி. எடுக்காமல் இருக்க முடியுமா? அவசரத்தில் விரல் எதையோ அழுத்த, ஸ்பீக்கர் உயிர் பெற்றது. கூட்ட அறை முழுக்க தேவியின் குரல்.

"சார்! வந்துடுச்சு சார்! இப்போதான் சார்! ஒரு டம்ளர் ரொம்ப வந்துடுச்சு! சிஸ்டரு போனே எடுக்கல, அவங்களாண்ட சொல்லுங்க சார், வந்துடுச்சுன்னு!"

பின்னால் ஏழுமலையின் குரலும் கேட்டது. "ஏய், மெதுவா சொல்லுடி, வார்டுல எல்லாரும் பாக்கறாங்க."

நான் கைப்பேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். ஐம்பது வயது ஆள், டை கட்டிக்கொண்டு, இருபது பேர் முன்னால். பிளான்ட் ஹெட் குழம்பிப்போய்ச் சுற்றிலும் பார்த்தார்.

"என்ன டாக்டர், என்ன வந்துச்சு?"

கதவோரம் முதலுதவிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த சிஸ்டர் எழுந்தார்.

"மூத்திரம் சார்" என்றார். "பன்னெண்டு நாள் கழிச்சு. ஹீட் ட்ரீட்மென்ட் ஏழுமலைக்கு."

யாரும் சிரிக்கவில்லை. உற்பத்தி மேலாளர் பேனாவை மூடினார். சிஸ்டர் தொடர்ந்தார், குரலை உயர்த்தாமல். "இந்த ரூம்ல இருக்கற எல்லாரும் காத்தாலருந்து ரெண்டு தடவையாவது போயிருப்பீங்க சார். யாரும் கார்டு கேக்கல."

அடுத்த வாரம் ஹீட் ட்ரீட்மென்ட் லைனில் கார்டு போயிற்று, மாற்றாள் ஒருவர் போடப்பட்டார். மற்ற லைன்களுக்கு அது நடக்க எட்டு மாதம் பிடித்தது. சிஸ்டர் ஒவ்வொரு மாதமும் கூட்டத்தில் எழுந்து நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். பேச்சு தடுமாறினால் அவர் கையிலிருந்த பதிவேட்டின் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொள்வேன்.

அன்றைய கூட்டம் முடிந்து மருத்துவ அறைக்கு வந்ததும் அவர் முதலில் தேவிக்குப் போன் செய்தார். கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு பதிவேட்டை எடுத்து, அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திறந்து, சிவப்புப் பேனாவை என்னிடம் நீட்டினார். ஏழுமலையின் பெயருக்கு நேரே ஐந்தாவது கட்டம் அப்படியே வெறுமையாக இருந்தது.

"நீங்களே எழுதுங்க டாக்டர்."

அன்றைய தேதி போட்டு, கை நடுங்காமல் எழுதினேன்: 'வந்தது.'